ஏழுமலை ஏறிய மலை

"எங்க இருக்கீங்க?" என்று கைபேசியில் லின் கேட்டபோது ஏழுமலை கொஞ்சம் பெருமையாகவே, "வண்டியில ஏறியாச்சு, மலைப்பாதையே வந்தாச்சு," என்றான்.

மறுமுனையில் சந்தை இரைச்சல் கேட்டது.

"நாங்க எல்லாரும் இன்னும் சந்தை வாசல்லதான் நிக்கிறோம்," என்றான் லின். "உங்களுக்காகத்தான் வண்டி காத்துக்கிட்டிருக்கு."

ஏழுமலை தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் உருட்டி வேனுக்குள் பார்த்தான். அவனுக்கு வலப்பக்கம் தொந்தியும் தொப்பியுமாக ஒருவர். இடப்பக்கம் கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர் ஒருவர். இருவரும் ஆளுக்கொரு சன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பின் இருக்கையில் இரண்டு பெண்கள், அவர்களும் ஆளுக்கொரு சன்னல். வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவளும் ஒரு பெண். காலடியில் மண்வெட்டி, அரிவாள், சிவப்புப் பெயின்ட் டப்பா, முழுசாக வேகவைத்துத் தட்டில் குந்தவைத்த ஒரு கோழி. பூப்பந்து ஆடுகிறவர்களுக்கு மலையேற மண்வெட்டி எதற்கு என்று ஏறும்போதே தோன்றியதுதான். ஊருக்கு ஊர் வழக்கம் வேறு என்று விட்டுவிட்டான்.

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்று அவனைச் சீனாவில் உள்ள ஜின்ஜியாங்குக்கு அனுப்பி எட்டு மாதம் ஆகிறது. அங்கே ஷூவின் அடிப்பாகம் செய்யும் ஆலைகளில் தரம் பார்ப்பது வேலை. மாலையில் பூப்பந்துக் கூடத்தில் லின் பழக்கமானான். விடுமுறை நாளில் நண்பர்களோடு மலைக்குப் போகிறோம், வெள்ளை வேன், சந்தை வாசலுக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தான். சந்தைக்கு இரண்டு வாசல் என்பதை அவனும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. வெள்ளை வேன் நின்றது. ஏழுமலை, "மலைக்கா?" என்றான். வண்டியோட்டும் பெண், "மலைக்குத்தான், ஏறுங்க ஏறுங்க," என்று கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே இருந்ததெல்லாம் புதுமுகம். லின்னின் நண்பர்களாக இருக்கும், லின் வழியில் ஏறிக்கொள்வான் என்று நடுவில் போய் உட்கார்ந்துவிட்டான்.

இப்போது விஷயம் உறைத்தது. "நீங்க போங்க, நான் பின்னால வரேன்," என்று லின்னிடம் முணுமுணுத்துவிட்டுக் கைபேசியைப் பைக்குள் போட்டான்.

உண்மையைச் சொல்லி இறங்கிவிட வேண்டியதுதான். ஆனால் அவனுக்குத் தெரிந்த சீன மொழி முழுவதும் ஆலையில் கற்றது. பசை ஒட்டவில்லை, தையல் கோணல், இந்த வரிசை வேண்டாம் திருப்பி அனுப்பு. இதை வைத்துக்கொண்டு காய்கறி வாங்கலாம், சண்டைகூடப் போடலாம். முன்பின் தெரியாதவர்களிடம், நான் யாரென்று உங்களுக்கும் தெரியாது நீங்கள் யாரென்று எனக்கும் தெரியாது என்பதைப் பக்குவமாகச் சொல்ல முடியாது.

முதலில் வண்டியோட்டும் பெண்ணின் காதருகே குனிந்து, "அக்கா, தப்பு நடந்துபோச்சு. என்னைத் திருப்பி அனுப்பணும்," என்றான். அவள் கண்ணாடியில் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ரேடியோவைச் சத்தமாக வைத்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்த பெண்களில் ஒருத்தி, தொப்பிக்காரரின் மனைவி, அவன் என்ன வேலை செய்கிறான் என்று விசாரித்தாள். ஷூ என்றான். "ஓ, ஷூவா," என்று சொல்லிவிட்டுத் தன் கணவரின் முதுகைத் தட்டி உள்ளூர் மொழியில் ஏதோ சொன்னாள். தொப்பிக்காரர் அர்த்தத்தோடு தலையாட்டினார். கண்ணாடிக்காரர் அவர்கள் இருவரும் அவனிடம் பேசுவதைப் பார்த்துவிட்டு அவரும் அர்த்தத்தோடு தலையாட்டினார். எல்லாருக்கும் ஏதோ விளங்கிவிட்டது, ஏழுமலையைத் தவிர.

சரி, உடம்பு சரியில்லை என்று இறங்கிவிடலாம் என்று அடுத்த யோசனை. வாயைப் பொத்திக்கொண்டு வயிற்றைப் பிடித்தான். வண்டி நின்றது. இறங்கினான். அவனுக்குப் பின்னாலேயே எல்லாரும் இறங்கிவிட்டார்கள். தொப்பிக்காரரின் மனைவி நெற்றியில் தைலம் தடவினாள். கண்ணாடிக்காரரின் மனைவி அதைப் பார்த்துவிட்டு, இது அதைவிட நல்ல தைலம் என்று கழுத்தில் தடவினாள். தொப்பிக்காரர் இஞ்சித் துண்டை வாயில் திணித்தார். கண்ணாடிக்காரர் உப்பில் ஊறிய பிளம் பழத்தை மறு கன்னத்தில் திணித்தார். பெயர் என்னவென்று கேட்டார்கள். சொன்னான். அவர்கள் வாயில் அது நுழையவில்லை. அர்த்தம் கேட்டார்கள். ஏழு மலை என்றான்.

"ஏழு மலையைப் பேர்ல வச்சுக்கிட்டு ஒரு மலைக்கே வாந்தியா தம்பி?" என்றார் தொப்பிக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். கண்ணாடிக்காரர் சிரிக்க ஆரம்பித்து, யார் சொன்ன வேடிக்கை என்று நினைவு வந்ததுபோல் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அதிலிருந்து அவன் பெயர் ச்சீ ஷான், அவர்கள் மொழியில் ஏழு மலை.

வண்டி நிற்குமிடம் வந்ததும், தான் இங்கேயே இருப்பதாகச் சொல்லிப் பார்த்தான். கீழே போகிற பேருந்து எதிலாவது தொற்றிக்கொள்ளலாம் என்று கணக்கு. விருந்தாளியைத் தனியாக விடுவதாவது என்று இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டது. தொப்பிக்காரர் கோழித் தட்டை அவன் கையில் கொடுத்தார். இன்னொரு கையில் கண்ணாடிக்காரர் மீன் தட்டைக் கொடுத்தார். இரண்டு கையிலும் தட்டோடு யாரும் எங்கும் ஓட முடியாது.

ஏறுகிற வழியில்தான் தொப்பிக்காரரின் மனைவி அவன் காதில் கிசுகிசுத்து விவரம் சொன்னாள். தொப்பிக்காரர் பெயர் தாஹாய், மூத்தவர். கண்ணாடிக்காரர் ஷீமிங், அவருடைய தம்பி. வண்டியோட்டுகிற யூச்சின் இருவருக்கும் நடுவில் பிறந்தவள். அண்ணனும் தம்பியும் பேசி ஐந்து வருஷம் ஆகிறது. வருஷா வருஷம் இந்த மலைக்குக் காலையில் ஒருவர் வந்தால் மதியம் ஒருவர் வருவார். இந்த வருஷம் ஒரே தடவைதான் வண்டி எடுப்பேன், வருகிறவர்கள் வாருங்கள் என்று யூச்சின் சொல்லிவிட்டாள். "வேத்தாள் முன்னால குடும்ப மானம் போகக்கூடாதுன்னு இவரு வாயை மூடிக்கிட்டிருக்காரு," என்றாள். "நீங்க மட்டும் வராம இருந்திருந்தா முதல் திருப்பத்துலயே அடிதடி ஆகியிருக்கும்."

எதற்கு வருகிறார்கள் என்று அவள் சொல்லவில்லை. அது அவனுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஏழுமலைக்கு மூச்சு இரைத்தது. தைலம் கண்ணில் இறங்கி எரிந்தது. பாதை முடிகிற இடத்தில், பைன் மரங்களுக்கு நடுவே, கைவைத்த நாற்காலி மாதிரி வளைவாகக் கட்டிய ஒரு சிமென்ட் மேடை தெரிந்தது. மலையேறி வருகிறவர்கள் உட்கார்ந்து காட்சி பார்க்க எவ்வளவு நேர்த்தியாகக் கட்டியிருக்கிறார்கள் என்று மனசுக்குள் பாராட்டினான். தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு அதன் கைப்பிடியில் சாய்ந்து உட்கார்ந்து, காலை நீட்டி, அப்பாடா என்றான்.

பின்னால் வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். 

"அங்க சௌகரியமா இருக்கா?" என்று ஷீமிங் கேட்டார்.

"ரொம்ப," என்றான் ஏழுமலை.

"எங்க அப்பா," என்றார் ஷீமிங்.

அவன் குனிந்து பார்த்தான். புல்லுக்குள் ஒரு கல். கல்லில் எழுத்து. அதற்குக் கீழே போன வருஷத்து ஊதுபத்திக் குச்சிகள். ஏழுமலை எப்போது எழுந்தான், எப்படி எழுந்தான் என்பது அவனுக்கே தெரியாது. எழுந்த வேகத்தில் கோழித் தட்டை மிதிக்கப் பார்த்து, அதைத் தவிர்க்கப் போய் மறுபடியும் அப்பா மேலேயே உட்கார்ந்தான்.

"விடுங்க," என்றார் தாஹாய், முகத்தைத் துடைத்துக்கொண்டே. "அப்பாவுக்கு விருந்தாளின்னா ரொம்பப் பிடிக்கும்."

இன்றைய விடுமுறையே முன்னோர் சமாதியைச் சுத்தம் செய்து படையல் வைக்கிற நாளுக்காகத்தான் என்பது அப்போதுதான் ஏழுமலைக்கு விளங்கியது. அதற்கப்புறம் அவன் ஓய்ந்து நிற்கவில்லை. செய்த பாவத்துக்குப் பரிகாரமாக எல்லாரையும்விட வேகமாகப் புல் வெட்டினான். அண்ணனும் தம்பியும் கல்லுக்கு இரண்டு பக்கமும் நின்று, அவன் மூலமாகப் பேச ஆரம்பித்தார்கள். இடது பக்கம் வேரோடு எடுக்கவில்லை என்று அவரிடம் சொல் என்பார் தாஹாய். அவன் ஷீமிங்கிடம் சொல்வான். வலது பக்கத்தை முதலில் பார்க்கச் சொல் என்பார் ஷீமிங். அவன் தாஹாயிடம் சொல்வான். இருவரும் பேசியது ஒரே மொழி. நின்றது ஒரு முழ இடைவெளியில். அவன் மொழிபெயர்த்ததில்தான் தப்பு இருந்தது. ஒருமுறை தாஹாய், கல் சாய்ந்திருக்கிறது என்று சொல்லச் சொன்னார். இவன் வாயில் ஆலைப் பழக்கத்தில், "இந்தக் கல்லு வேணாமாம், திருப்பி அனுப்பணுமாம்," என்று வந்துவிட்டது. ஷீமிங் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். யூச்சின் குறுக்கே புகுந்து அவன் சொன்னதைத் திருத்தவேண்டியதாயிற்று.

தாஹாய் பெயின்டைக் குழைத்து, கல்லில் மங்கிப்போன எழுத்துகளுக்குச் சிவப்புப் பூச உட்கார்ந்தார். பூசிக்கொண்டே, பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டார்.

"தம்பி, உங்க ஊர்ல சாவு ஊர்வலத்துல கல்யாணப் பாட்டு வாசிப்பாங்களா?"

வேறு யாராவது என்றால் கேள்வியில் முள் இருப்பது தெரிந்திருக்கும். ஏழுமலை ஆம்பூரை நினைத்துப் பார்த்து உண்மையைச் சொன்னான். "வாசிப்பாங்களே. பேண்டு செட்டு வச்சு சினிமாப் பாட்டு எல்லாம் வாசிப்பாங்க. பாடைக்கு முன்னால ஆடுவாங்க. பட்டாசு வெடிப்பாங்க."

தாஹாயின் தூரிகை எழுத்தை விட்டு வழுக்கிக் கல்லின் ஓரம்வரை ஒரு கோடு இழுத்தது. ஷீமிங் முகத்தில் ஐந்து வருஷத்துக்குப் பிறகு வெயில் அடித்தது. அவர் எழுந்து வந்து ஏழுமலையின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பிறகுதான் தெரிந்தது. அப்பாவின் சாவுக்கு பேண்டு வாத்தியம் ஏற்பாடு செய்தது ஷீமிங். பிணம் தெருமுனையைத் தாண்டும்போது அவர்கள் கல்யாணப் பாட்டு ஒன்றை எடுத்து வாசித்துவிட்டார்கள். ஊரே நின்று பார்த்தது. அது அப்பா தினமும் முணுமுணுக்கிற பாட்டு, நான்தான் வாசிக்கச் சொன்னேன் என்றார் ஷீமிங். அப்பாவைக் கேலிப்பொருளாக்கிவிட்டாய் என்றார் தாஹாய். அதோடு சரி.

தாஹாயின் கழுத்து சிவந்திருப்பதைப் பார்த்து, ஏழுமலை அவரையும் சமாதானப்படுத்த நினைத்தான். "ஆனா எங்க அப்பா சாவுக்கு வாசிக்கலை," என்றான் அவசரமாக.

"ஏன் வாசிக்கலை?" என்றார் ஷீமிங், முகம் வாடி.

"மழை."

இப்போது இருவருமே அவனை முறைத்தார்கள்.

கோழி, மீன், பன்றி இறைச்சி, அரிசிக் களி, பழம் எல்லாவற்றையும் கல்லுக்கு முன்னால் பரப்பினார்கள். ஊதுபத்தி ஏற்றி வரிசையாக வணங்கினார்கள். கடைசியில் அவன் கையிலும் ஊதுபத்தியைக் கொடுத்து, அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாள் தாஹாயின் மனைவி. உங்கள் மொழியிலேயே சொல்லுங்கள், அவருக்குப் புரியும் என்றாள்.

ஏழுமலை மண்டியிட்டான். யாருக்கும் புரியப்போவதில்லை என்ற தைரியத்தில் நெஞ்சில் இருந்ததையெல்லாம் தமிழில் கொட்டினான்.

"பெரியவரே, நான் யாரு பெத்த பிள்ளையோ. தப்பான வண்டியில ஏறிட்டேன். உங்க மேல உக்காந்துட்டேன், அதுவும் ரெண்டு தடவை. உங்க பிள்ளைங்க நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறேன். எல்லாத்தையும் மன்னிச்சு, உண்மை வெளிய வராம என்னைக் கீழ இறக்கி விட்ருங்க."

ஊதுபத்திப் புகை, மிச்சமிருந்த தைலம், பயம் எல்லாம் சேர்ந்து கண்ணில் தாரைதாரையாகக் கொட்டியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தபோது ஷீமிங்கின் மனைவி, என்ன சொன்னீர்கள் என்று மெதுவாகக் கேட்டாள்.

பொய் சொல்லவும் மொழி போதவில்லை. "மன்னிப்புக் கேட்டேன்," என்றான்.

அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி அண்ணனைப் பார்த்தார். ஐந்து வருஷத்தில் முதல்முறையாக இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஒருவரையொருவர் பார்த்திருக்க வேண்டும், ஏனென்றால் மனைவிகள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். தாஹாய் தொண்டையைச் செருமினார். பிறகு பெயின்ட் தூரிகையைத் தம்பியிடம் நீட்டி, மிச்ச எழுத்தை நீ பூசு என்றார். நேரடியாக, நடுவில் ஏழுமலை இல்லாமல்.

ஏழுமலைக்கு என்ன நடக்கிறது என்று புரியவில்லை. மாட்டிக்கொள்ளவில்லை என்பது மட்டும் புரிந்தது. பெரியவர் கேட்டுக்கொண்டார் என்று கல்லுக்கு இன்னொரு கும்பிடு போட்டான்.

இறங்கி வந்து மலையடிவாரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு மெல்லிய ரொட்டியை விரித்து, அதில் வதக்கிய காய்கறியும் சிப்பியும் கடலைத்தூளும் வைத்துச் சுருட்டித் தின்றார்கள். அரிசி மது வந்தது. இன்னும் ஒரு மணி நேரம் வாயைக் கொடுக்காமல் ஓட்டிவிட்டால் வீடு என்று ஏழுமலை ரொட்டிக்கு மேல் ரொட்டியாக வாயில் அடைத்துக்கொண்டான். வாய் நிறைய இருந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

மூன்றாவது கிண்ணத்துக்குப் பிறகு தாஹாய் தம் கையால் ஒரு ரொட்டியைச் சுருட்டினார். நிறைய கடலைத்தூள் வைத்து, பிரிந்துவிடாமல் மடித்து, தம்பியின் கிண்ணத்தில் வைத்தார். ஷீமிங் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உனக்கு நேர்ல கேக்க வாய் வரலை, எனக்குத் தெரியும்," என்றார் தாஹாய். "அதுக்காக ஒரு நல்ல ஆளைப் பிடிச்சுக் கூட்டியாந்து, அப்பா முன்னால உனக்காக அழுது மன்னிப்புக் கேக்க வச்சியே. அது போதும்டா எனக்கு."

ஷீமிங் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "நான் கூட்டியாந்தேனா? நீதானே உனக்காகக் கேக்கச் சொல்லி இவரைக் கூட்டியாந்தே?"

"நானா? ஷூ வேலைன்னாரு. நீதான் ஷூக்கயிறு செஞ்சு விக்கிறவன்."

"உன் பக்கத்துல உக்காந்திருந்தாரு. உன் பெண்டாட்டிதான் அவருகிட்ட பேசிக்கிட்டே வந்தா."

மேசையில் இருந்த எல்லாச் சாப்பாட்டுக் குச்சிகளும் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. எல்லா முகமும் ஏழுமலை பக்கம் திரும்பியது. அவன் வாயில் ஒரு முழு ரொட்டி இருந்தது. அதை மெல்லவும் முடியவில்லை, முழுங்கவும் முடியவில்லை. யூச்சின் மட்டும் தலையைத் தூக்காமல் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ நீங்க யாரு?" என்றார் தாஹாய்.

ஏழுமலை ஒருவழியாக முழுங்கினான். பிறகு சொன்னான். லின், பூப்பந்து, சந்தை, வெள்ளை வேன். ஆலை மொழியில் தட்டுத்தடுமாறி, பொருள் தவறான பெட்டியில் போய்விட்டது, பெட்டியின் மேல் குற்றமில்லை, பொருளின் மேல்தான் குற்றம் என்று சொன்னான். அழுதது புகையால் என்றும் சொல்லிவிட்டான். சொல்லியிருக்க வேண்டாம்.

"மன்னிப்புக் கேட்டது?" என்றார் ஷீமிங்.

"வண்டி மாறி ஏறினதுக்கு. அப்புறம், அவரு மேல உக்காந்ததுக்கு."

தாஹாயின் முகம் கல் மாதிரி ஆயிற்று. ஐந்து வருஷமாக விழுங்கிவைத்த கோபத்தை ஒரு புகைக் கண்ணீருக்காக அவர் விட்டுக்கொடுத்திருந்தார். அவருடைய பார்வை தம்பியின் கிண்ணத்தில் இருந்த ரொட்டிக்குப் போனது. திரும்ப எடுத்துவிடுவாரோ என்று ஏழுமலைக்குத் தோன்றியது. ஷீமிங்கும் அப்படித்தான் நினைத்திருப்பார். சட்டென்று அந்த ரொட்டியை எடுத்துப் பாதியைக் கடித்துவிட்டார். கடித்தபடியே அண்ணனைப் பார்த்தார்.

முதலில் ஷீமிங்கின் தோள்கள்தான் குலுங்கின. பிறகு அவர் வாயிலிருந்து கடலைத்தூள் பறந்தது. "ரெண்டு தடவை உக்காந்தாருண்ணே," என்றார். அதற்கு மேல் பேச முடியவில்லை. தாஹாய் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். தொந்தி தனியாக ஆடத் தொடங்கியது. பிறகு மேசையை அறைந்து சிரித்தார். கிண்ணங்கள் துள்ளின. சமையல்கட்டிலிருந்து கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாஹாய் சொன்னார். "அந்தப் பாட்டை வாசிச்சது தப்புதான். இன்னைக்கும் தப்புன்னுதான் சொல்லுவேன்." கிண்ணத்தில் மிச்சமிருந்ததைக் குடித்து முடித்தார். "ஆனா நல்லா வாசிச்சாங்கடா."

ஷீமிங் அண்ணனின் கிண்ணத்தில் மதுவை ஊற்றினார்.

திரும்பும்போது நடு இருக்கை அவனுக்குக் கிடைக்கவில்லை. அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வழியெல்லாம் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். ச்சீ ஷான் இன்று ராத்திரி யார் வீட்டில் சாப்பிடுவது என்று ஆரம்பித்து, அது கிட்டத்தட்ட சண்டையாகவே ஆகி, இன்று அண்ணன் வீடு, அடுத்த விடுமுறைக்குத் தம்பி வீடு என்று முடிந்தது. வண்டி முதலில் சந்தை வாசலில் நின்றது. மாலைக்கு மீன் வாங்க வேண்டும் என்று இரண்டு குடும்பமும் இறங்கிக் கூட்டமாக உள்ளே போயிற்று.

ஏழுமலை மட்டும் தயங்கி நின்றான். காலையிலிருந்து ஒருவரிடம் அவன் சரியாகப் பேசவே இல்லை. வண்டியோட்டியின் சன்னலருகே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அக்கா, உங்ககிட்டயும் மன்னிப்புக் கேக்கணும்," என்றான். "ஏறும்போதே நான் விசாரிச்சிருக்கணும். உங்க குடும்ப விஷயத்துல தப்பா வந்து விழுந்துட்டேன்."

யூச்சின் தர்பூசணி விதையை உடைத்துத் தோலைச் சன்னலுக்கு வெளியே துப்பினாள். சந்தைக்குள் அண்ணனும் தம்பியும் ஒரே மீனுக்கு விலை பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"வேத்தாள் ஒருத்தர் நடுவுல உக்காந்தாத்தான் இவங்க ரெண்டு பேரும் அடிச்சுக்காம வருவாங்கன்னு, இவங்க வந்து ஏறுறதுக்கு முன்னாலேயே இதே வாசல்ல மூணு பேரைக் கூப்பிட்டுப் பார்த்தேன் ச்சீ ஷான், நீங்க ஒருத்தர்தான் ஏறினீங்க."